மாரீஸ்வரி சி போடாத கோடு

கரிசல்மடை பொறியியல் கல்லூரியின் எம் பிளாக்கில், கீழ்த்தளத்து மூலை அறையில், ஒரு புதன்கிழமை மத்தியானம் இரண்டே கால் மணிக்கு மாரீஸ்வரி கரும்பலகையில் போட்ட கோடு பலகையோடு நிற்காமல், சட்டத்தைத் தாண்டி, சுவரைத் தாண்டி, ஒரு பக்கம் வேப்பமரத்து வழியாகவும் மறுபக்கம் சைக்கிள் ஸ்டாண்டு வழியாகவும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஊருக்குள் போய்விட்டது. வகுப்பில் இருந்த பதினெட்டுப் பேரும் அதைப் பார்த்தார்கள். பதினெட்டுப் பேரும் எம்-ஒன் என்று எல்லாரும் சொல்லும் அந்தக் கால்குலஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்கள்; அது இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் காட்டி அவர்கள் பார்த்திருந்ததால் ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. பாடம் எடுத்துக்கொண்டிருந்த ராஜகனி மேடம் மட்டும் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, "சி எங்க?" என்று கேட்டார்.

இந்த மாரீஸ்வரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடைசி வருஷம், கடைசி செமஸ்டர். மற்ற பேப்பர் எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே தூக்கினவள். ஓசூரில் ஒரு கம்பெனிக்காரன் வேலைக்கு எடுத்துக் கடிதமும் கொடுத்துவிட்டான். ஆனால் சேரும்போது ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். எம்-ஒன்னை நாலு தடவை எழுதி நாலு தடவையும் நாற்பத்துச் சொச்சத்தில் வந்து நின்றவளுக்கு அதற்குள் இன்னும் ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி, அதுவும் மூன்று வாரத்தில். அதில் போனால் ஓசூரும் போச்சு, கூடப் படித்தவர்களோடு சேர்ந்து வாங்க வேண்டிய பட்டமும் போச்சு.

கணக்குத் தெரியாத பிள்ளையா என்றால், அதுதான் இல்லை! இன்டக்ரேஷனைத் தண்ணீர் குடிக்கிற மாதிரி போடுவாள். அவளுக்கு இருந்த நோய் வேறே. ஆறாம் வகுப்பு டியூஷனில் விடைக்குப் பென்சிலால் ஸ்கேல் வைத்துப் பெட்டி போட்டால் அழகுக்கு ரெண்டு மார்க் என்று யாரோ பழக்கிவிட்டிருந்தார்கள், அந்தப் பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டது. விடை வந்த அடுத்த நொடி ஸ்கேல் வந்துவிடும், நாலு பக்கமும் பெட்டி விழுந்துவிடும், இன்டக்ரேட் செய்த விடைக்குப் பின்னால் போட வேண்டிய ப்ளஸ் சி என்கிற சின்னஞ்சிறு சமாசாரத்துக்குப் பெட்டிக்குள் இடமும் இருக்காது, அவளுக்கு நினைப்பும் இருக்காது. அழகான பெட்டி, பக்கத்திலேயே திருத்தினவர் போட்ட சிவப்பு வட்டம். நாலு விடைத்தாளிலும் அப்படித்தான்.

அன்றைக்கும் அதே கதை. சரிவு காஸ் எக்ஸ், வளைகோடு என்ன என்று மேடம் கேட்டார். சைன் எக்ஸ் என்று எழுதி, பெட்டி போட்டு, படமும் வரைந்துவிட்டாள்.

"சி இல்லாட்டி எந்த உயரத்துல நிக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மேடம். "இனி ஏறும், இறங்கும். இப்படியேதான் அலையும்."

மாரீஸ்வரி பதறிப்போய் டஸ்டரால் அழித்துப் பார்த்தாள், அழியவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ப்ளஸ் சி என்று எழுதிப் பார்த்தாள். வெளியே கோடு ஒரு தரம் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு மறுபடியும் ஏறத் தொடங்கியது.

"சின்னு எழுதினாப் போதுமா? எவ்வளவுன்னு சொல்லணும். ஏதாவது ஒரு புள்ளி வழியா அது போகுதுன்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்."

"அப்ப நீங்களே ஒரு புள்ளி குடுங்க மேடம்."

"குடுத்துருவேன்மா. நாளைக்கு எவன் வீட்டு மாடியில இடிச்சாலும் என் வாசல்ல வந்து நிப்பான். கோடு ஊருக்குள்ள போயிருச்சு. ஊர்க்காரங்க பேசி ஒரு புள்ளி சொல்லட்டும், சொன்ன புள்ளியை நீ போடு." இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் உள்ளவர், எதில் கையெழுத்துப் போடலாம் எதில் போடக் கூடாது என்று தெரிந்தவர். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கரிசல்மடைக்காரர்கள் கோட்டைப் பழகிக்கொள்ள இரண்டு நாள்கூட ஆகவில்லை. கட்டை விரல் தடிமனில் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது; சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் புகுந்து போனது, ஆளுக்கும் ஆட்டுக்கும் பஸ்ஸுக்கும் வழிவிடவில்லை. விடியும்போது தரையை ஒட்டிக் கிடந்து, வெயில் ஏற ஏறத் தானும் ஏறி, உச்சிப் பொழுதில் தண்ணீர் டேங்குக்கு மேலே போய் நின்று, சாயங்காலம் மெல்ல இறங்கி வந்தது. கரண்ட் ஆபீஸ்காரர் வந்து பார்த்து எங்க லைன் இல்லை என்றார், கேபிள்காரர் எங்க வயரும் இல்லை என்றார், அதோடு விசாரணை முடிந்தது. காலையில் அடுப்படிக்குள் ஓடும் கோட்டைப் பெண்கள் தாண்டித் தாண்டி இட்லி ஊற்றினார்கள். கட்டிலுக்கு அடியில் கோடு கிளம்புகிற வீட்டில் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். டவுன் பஸ் டிரைவர் முக்கில் வண்டியை நிறுத்தி, கோடு தலைக்கு மேலே போகிற வரைக்கும் ஒரு டீ குடித்தார். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் வேலைக்குக் கிளம்புமுன் துவைத்த துணியை அதில் போட்டுவிட்டுப் போனார்கள், மேலே போய் நல்ல வெயிலில் காய்ந்து, வேலை முடிந்து வரும்போது கைக்கெட்டுகிற உயரத்துக்குத் தானாக இறங்கி வந்துவிடும். என்ன, ஊரில் எல்லாருடைய துணியிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். சாத்தூர்ச் சந்தையில் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தே, "கரிசல்மடையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

வம்பு எங்கே வந்தது என்றால், கோட்டின் ஒரு மேடு வடக்குத் தெருவிலும் அதற்கடுத்த பள்ளம் தெற்குத் தெருவிலும் விழுந்தது. வடக்குத் தெருக்காரர்கள் போட்ட துணி சறுக்கிச் சறுக்கித் தெற்குத் தெருப் பள்ளத்தில் வந்து குவிந்தது. என் சேலை எங்கே, உன் வேட்டி யார் வீட்டில் என்று தினமும் சாயங்காலம் ஒரு பஞ்சாயத்து. "ஏன்க்கா, எங்க தெருவுல வந்து விழுந்தா அதுக்கு நாங்களா பொறுப்பு?" என்று இங்கேயிருந்து ஒருத்தி, "விழுந்ததை மடிச்சு வச்சிருக்கலாம்ல, உடுத்திக்கிட்டா போறது?" என்று அங்கேயிருந்து ஒருத்தி.

எல்லாம் போய் மாரீஸ்வரியிடம்தான் முடிந்தது. அவள் போட்ட கோடு என்று ஊருக்கே தெரிந்துபோயிற்று, அவள் எதைப் போடாமல் விட்டாள் என்பதும் தெரிந்துபோயிற்று. குழாயடியில், "ஏத்தா, அதென்ன சி? அதைப் போட்டாத்தான் என்ன, உனக்குக் கையா வலிக்கு?" டீக்கடையில், "சி போடாத பிள்ளை வருது, வழிவிடுங்கப்பா." பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும்போது கண்டக்டர்கூட, "ஒரு டிக்கெட், ப்ளஸ் சி" என்றார். படிக்க வேண்டிய மூன்று வாரத்தில் ஒரு நாளைக்கு இருபது பேருக்கு நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் புத்தகத்தில் உள்ளதை அப்படியே ஒப்பித்தாள், மாறிலி என்றாள், தொகையீடு என்றாள். கேட்டவர்கள் கொட்டாவி விட்டுவிட்டு மறுநாள் அதையே திரும்பக் கேட்டார்கள்.

இப்படி இருக்கையில்தான் ஆடு வளர்க்கிற சங்கிலியின் கிடா மேலே போனது. காலையில் கோட்டின் மேல் முன்னங்காலை வைத்து ஏறி வேப்பங்கொழுந்தைத் தின்று கொண்டிருந்த கிடா, நாலு காலையும் எடுத்து வைத்த நேரத்தில் கோடு கிளம்பிவிட்டது. பகல் பூராவும் தண்ணீர் டேங்குக்கு மேலே நின்று அது கத்திய கத்தல் பக்கத்து ஊருக்கே கேட்டது. சாயங்காலம் இறங்கி வந்ததும் அதைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு சங்கிலி நேரே மாரீஸ்வரி வீட்டு வாசலுக்கு வந்தார். தெருவே பின்னால் வந்தது.

"உன் கோடு என் கிடாயைத் தூக்கிட்டுப் போகுது. இதுக்கு ஒரு வழி சொல்லு தாயி. எனக்குப் புரியுற மாதிரிச் சொல்லு, இங்கிலீஷ்ல சொன்னே, கிடாயை இங்கயே கட்டிட்டுப் போயிருவேன்."

மாரீஸ்வரி கிடாயைப் பார்த்தாள். அதுவும் அவளைத்தான் பார்த்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுகையோடேயே பேசினாள்.

"அண்ணாச்சி, உங்க கிடா ஒரு கட்டடத்துல பத்துப் படி ஏறிச்சுன்னு யாரோ வந்து சொல்றாங்கன்னு வைங்க. இப்ப அது எந்த உயரத்துல நிக்குதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"எங்க இருந்து ஏறுச்சுன்னு தெரியாம எப்படிச் சொல்ல? கீழ இருந்து ஏறுச்சா, ரெண்டாம் மாடியில இருந்து ஏறுச்சா?"

"அதான் அண்ணாச்சி. இந்தக் கோடு எந்த இடத்துல எவ்வளவு ஏறணும், எவ்வளவு இறங்கணும்னு நான் சொல்லிட்டேன். எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லல. அந்த ஆரம்பந்தான் சி. அது தெரியாமத்தான் பாவம் இப்படி அலையுது."

சங்கிலி கிடாயைக் கீழே இறக்கி விட்டார். "அட, இவ்வளவுதானா! இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்குக் கத்துறேன்?" என்று அவர் திரும்பி, பின்னால் நின்றவர்களுக்குத் தானே விளக்க ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னது மாரீஸ்வரி சொன்னதைவிட நன்றாகவே இருந்தது. அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது: நாலு வருஷமாக நாமும் இதை மனப்பாடம்தான் பண்ணியிருக்கிறோம், இன்றைக்குத்தான் விளங்கியிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கவுன்சிலர் பவுன்ராஜ் கல்யாண மண்டபத்தில் ஊரைக் கூட்டினார். ஒரு புள்ளி வேண்டும், ஒரே ஒரு புள்ளி, அதைச் சொல்லிவிட்டால் பிள்ளை சி போட்டுவிடும், கோடு நின்றுவிடும். சொல்லலாமே! துணி போடுகிறவர்கள் கழுத்து உயரம் போதும் என்றார்கள். பஸ் டிரைவர் பஸ்ஸுக்கு மேலே ஒரு முழம் விடணும் என்றார். கோயில் கமிட்டிக்காரர்கள் தேர் கலசம் இடிக்காத உயரம் என்றார்கள். வடக்குத் தெரு தன் வாசலில் ஒரு புள்ளி வைத்தது, தெற்குத் தெரு தன் வாசலில் ஒரு புள்ளி வைத்தது.

"ஒரு புள்ளிதாங்க போட முடியும்," என்று மாரீஸ்வரி எழுந்து சொன்னாள். "ரெண்டு பேரு ரெண்டு உயரத்துல சொன்னா, ரெண்டு வழியாவும் போற மாதிரி சி கிடையாது."

"அப்ப எங்க புள்ளியைப் போடு."

"அதெப்படி? எங்க தெரு என்ன இளிச்சவாய்த் தெருவா?"

மத்தியானம் வரை கத்தினார்கள். கடைசியில், "நீயே ஒரு புள்ளி வச்சிரும்மா" என்றார் பவுன்ராஜ். அவள் வாயைத் திறக்குமுன் நாலு திசையிலிருந்தும் ஆட்கள் எழுந்தார்கள்: அரியர் வச்ச பிள்ளைக்கு ஊரு உயரத்தைச் சொல்ல யார் அதிகாரம் குடுத்தது? அவள் உட்கார்ந்துவிட்டாள். கோடு அப்போது மண்டபத்துக் கூரைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

அவளுடைய அம்மா குருவம்மா இதில் ஒன்றிலும் கலந்துகொள்ளவில்லை. தீப்பெட்டி ஆபீசில் குச்சியைப் பெட்டியில் அடைக்கிறவள். கோட்டைக் காலையில் தாண்டுவாள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மறுபடியும் தாண்டுவாள், அதில் ஒரு துண்டுகூடக் காயப் போட மாட்டாள். "உன் மக எப்பத்தான் சி போடுவாளாம்?" என்று பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி அடைக்கிறவள் கேட்டால், "போடுவா. போடும்போது பாரு," என்பதற்கு மேல் பேச மாட்டாள். மகளிடமும் ஒன்றும் கேட்டதில்லை. அவள் கேட்காமலிருந்ததுதான் மாரீஸ்வரிக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பாரமாக இருந்தது.

பரீட்சை அன்று மாரீஸ்வரிக்கு நம்பர் விழுந்தது அதே எம் பிளாக்கில், அதே மூலை அறையில். பத்து மணிக்குக் கோடு முழங்கால் உயரத்தில் அறைக்குக் குறுக்கே கிடந்தது. கேள்வித்தாள் கொடுக்க வந்த சூப்பர்வைசர் அதைத் தாண்டித் தாண்டிக் கொடுத்தார், வெளியூர்க்காரர் என்றாலும் ஒன்றும் கேட்கவில்லை, பரீட்சை டூட்டியில் எத்தனையோ பார்த்திருப்பார் போல. பத்தரைக்குக் கோடு மேசை உயரத்துக்கு வந்தது, எல்லாரும் விடைத்தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு எழுதினார்கள். பதினொரு மணிக்கு ஃபேனைத் தொட்டது. அப்புறம் கூரைக்குள் புகுந்து மேலே போய்விட்டது, அறையில் எதுவும் தெரியவில்லை.

பதினொன்றே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கேள்வி வந்தது. எட்டு மார்க். ஒரு வளைகோட்டின் சரிவு காஸ் எக்ஸ், அது பூஜ்யம், நாலு என்ற புள்ளி வழியாகச் செல்கிறது, வளைகோட்டைக் கண்டுபிடி.

பேனா ஓடியது, கை தன் பாட்டுக்கு ஓடியது, சைன் எக்ஸ் என்று எழுதியது, ஸ்கேலை எடுத்தது, பென்சிலை எடுத்தது, ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று பக்கம், நாலு பக்கம், அழகான பெட்டி. போட்டு முடித்துவிட்டு அடுத்த கேள்விக்கு விடைத்தாளைத் திருப்பக்கூடத் திருப்பிவிட்டாள். அப்போது சங்கிலி கேட்டது காதில் விழுந்தது: எங்க இருந்து ஏறுச்சு? பழைய பக்கத்துக்குத் திரும்பினாள். ரப்பரை எடுத்து வலப்பக்கத்துக் கோட்டை மட்டும் அழித்தாள், தூசியை ஊதினாள், ப்ளஸ் சி என்று எழுதினாள். எழுதிவிட்டு அதை ஒரு தரம் விரலால் தொட்டும் பார்த்துக்கொண்டாள். பிறகு நாலைப் போட்டாள்: பூஜ்யத்தில் சைனும் பூஜ்யம், ஆகவே சி நாலு. ஒய் என்பது சைன் எக்ஸ் ப்ளஸ் நாலு. பெட்டியைப் பெரிதாக்கி, வலப்பக்கம் வேறு கோடு போட்டு மூடினாள்.

இன்னும் இரண்டு கணக்கு இருந்தது. எழுதினாள். ஆனால் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. முன்னால் இருந்த ரெண்டு மார்க் கேள்வியில் சி போட்டோமா? போட்டிருந்தது. ஏழாவதில்? அதிலும் இருந்தது. இருந்தும் பயம் போகவில்லை, நாலு தடவை இப்படித்தான் எல்லாம் சரி என்று நினைத்து வெளியே வந்திருக்கிறாள். ஒரு மணிக்கு மணி அடித்ததும் தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

வெளியே வந்தால் கல்லூரி வாசலில் பெருங்கூட்டம். டீக்கடைக்காரர், பஸ் டிரைவர், இரண்டு தெருப் பெண்கள், பவுன்ராஜ், கிடாயோடு சங்கிலி. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்றுதான் அவளுக்குப் பட்டது. கூட்டத்துக்கு முன்னால் அம்மா, தீப்பெட்டி ஆபீசிலிருந்து அப்படியே ஓடி வந்தவள், கையில் தீக்குச்சி மருந்துத் தூள், கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"என்னம்மா? யாருக்கு என்ன?"

குருவம்மா கையை மட்டும் மேலே காட்டினாள்.

உச்சி வெயில். டேங்குக்கு மேலே இருக்க வேண்டிய கோடு அங்கே இல்லை. வேப்பமரத்தின் பாதி உயரத்தில், ஏறி இறங்கி, ஏறி இறங்கி, வடக்கேயும் தெற்கேயும் கண்ணுக்கெட்டிய வரைக்கும் போய், ஒரு இம்மிகூட அசையாமல் நின்றது.

"பதினொன்னே முக்காலுக்கு நின்னுச்சு," என்றார் சங்கிலி. "ஏறிக்கிட்டே இருந்தது டக்குன்னு நின்னு, கொஞ்சம் இறங்கி, அப்புறம் ஆடல. நான் ரோட்டுப் பக்கமா ஏணி போட்டு டேப் புடிச்சுப் பார்த்துட்டேன். நீ கோட்டை ஆரம்பிச்ச பலகைக்கு நேரா, சுவருக்கு வெளிய, நாலு மீட்டரு. அரை இஞ்சு கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"நாலுதான்," என்றாள் மாரீஸ்வரி. "கேள்வியில நாலுன்னுதான் இருந்துச்சு."

"யாரு குடுத்த புள்ளி அது?" என்று வடக்குத் தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யுனிவர்சிட்டி குடுத்தது."

நம்ப மாட்டீர்கள், அந்த ஒரு வார்த்தையில் சண்டை முடிந்துவிட்டது. அது யாரும் கேட்ட உயரம் இல்லை. பஸ் போகலாம், தேர் கலசத்துக்குத்தான் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும், துணி போட வேண்டுமென்றால் துறட்டிக் கம்பு வேண்டும், கிடா ஏற முடியாது. ஆனால் ஊரைக் கண்ணால்கூடப் பார்க்காத எவரோ எங்கேயோ உட்கார்ந்து வைத்த புள்ளி; அவர் வடக்குத் தெருவுக்கும் வேண்டியவர் இல்லை, தெற்குத் தெருவுக்கும் வேண்டியவர் இல்லை. "யுனிவர்சிட்டியே சொல்லிருச்சுன்னா சரிதான்" என்று பவுன்ராஜ் சொன்னார், அவர் முகத்தில்தான் எவ்வளவு நிம்மதி! சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்ற ராஜகனி மேடம் கண்ணாடியைக் கழற்றினார், ரொம்ப நேரம் மாட்டவில்லை. ரிசல்ட் வர இன்னும் ஒரு மாசம் ஆகும், அறுபத்தொன்று வரும், ஓசூருக்கும் போவாள். அன்றைக்கு அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை, கோடு சொல்லிவிட்டதே போதும் என்று இருந்துவிட்டார்கள்.

மாரீஸ்வரி மட்டும் அம்மாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோடு நின்னதுக்கு நீ ஏம்மா அழுத?"

"நின்னப்ப அழல தாயி," என்றாள் குருவம்மா. "நின்னதும் ஆபீஸ்ல எல்லாரும் கையைத் தட்டுனாளுக. நான் இங்க ஓடி வந்தேன். பரீட்சை முடியாம உள்ள விட மாட்டேன்னுட்டான் வாட்ச்மேன். ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, நீ போட்டுட்டன்னு. நாய்க்கும் கிடாய்க்கும் தெரிஞ்சுபோச்சு. ஒன்னேகால் மணி நேரம், உனக்கு மட்டும் தெரியாம நீ உள்ள பயந்துக்கிட்டே இருப்பியேன்னு நினைச்சேன், அதான் தாங்க முடியல."

மாரீஸ்வரி அங்கேயே, வாசல் மண்ணில், அப்படியே உட்கார்ந்து அழுதாள், நாலு வருஷத்து அழுகை. குருவம்மா மருந்துக் கையை முந்தியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மகள் தலையில் வைத்தாள்.